குங்குமப்பூவைக் கேசரியில் போடச் சொல்லு

அன்புள்ள சாமு,

என் மருமகள் பிரின்ஸிக்கு நான் அனுப்பிய பார்சலில் இட்லிப்பொடிக்கும் சீடைக்கும் நடுவில் ஒரு சின்ன டப்பா குங்குமப்பூ இருக்கும். அதைத் தினமும் பாலில் போட்டுக் குடிக்கும்படி ஒரு துண்டுச் சீட்டும் எழுதி வைத்திருந்தேன். இனி அப்படிக் குடிக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லு. தூக்கியும் போட்டுவிட வேண்டாம், அது கொள்ளை விலை. கேசரி கிண்டும்போது போடச் சொல்லு, மணமாக இருக்கும். ஏன் திடீரென்று இப்படிச் சொல்கிறேன் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் உன்னைப் பேசவிடாமல் நானே பேசித் தீர்த்துவிடுவேன் என்று உன் அப்பா சொல்கிறார், அது உண்மைதான். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கம் பக்கமாக அவர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் தெரிந்தால் பொறுத்துக்கொள்.

வருகிற வியாழக்கிழமைக்குள் நீ அந்த வெள்ளைக்கார ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும் என்று பிரின்ஸி சொன்னாள். எந்தக் கடிதத்தைக் கொடுக்கப் போகிறாய் என்பதுதான் இந்த வீட்டில் மூன்று நாளாக ஒரே பேச்சு. நடந்ததை உள்ளபடி எழுதிக் கொடுத்தால் விசாரிப்பார்கள். நோயாளிகளைப் பார்க்கிற வேலை வேண்டாம், சாமான் அறைக்கு மாற்றிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தால் மாற்றிவிடுவார்கள். இரண்டாவதைத்தான் நீ எழுதி வைத்திருக்கிறாயாம். உன்னை அப்படி எழுத வைத்ததில் உன்னை ஏசின அந்த நோயாளிக்குப் பாதிப் பங்கு, எனக்குப் பாதிப் பங்கு. என் பங்கை நான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், வியாழக்கிழமைக்கு முன்னால்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் சர்ச் முடிந்து வந்து மீன்குழம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன், நீ கூப்பிட்டாய். "எம்மா, சாப்ட்டியா" என்று கேட்கும்போதே உன் குரல் சரியில்லை. "வார்டுல ஒரு பெரியவருக்குக் கால்ல சர்க்கரைப் புண்ணும்மா. கட்டு மாத்திக்கிட்டு இருந்தேன். உன் கறுப்புக் கைய எடு, வெள்ளக்காரங்க யாராவது இருந்தா அனுப்புன்னு சத்தம் போட்டுட்டாரு. ரூம்ல அஞ்சாறு பேரு படுத்திருந்தாங்க, ஒருத்தரும் வாயத் தெறக்கல. கட்டு பாதியில நின்னுச்சு, முடிச்சிட்டுத்தான் வெளிய வந்தேன். இதுக்குப் பேரு இனவெறி, எழுதிக் குடுன்னு எங்க பொறுப்பாளர் அம்மா சொல்றாங்க. குடுக்கவாம்மா?" நீ சொன்னது இவ்வளவுதான். நான் மூச்சுவிடாமல் ஆரம்பித்தேன். "இதுக்குப் போயி மனச விடலாமால? ஏசப்பா மொகத்துல துப்பலியா? அவரு எம்புட்டு பொறுத்தாரு, நீயும் பொறு. ஒரு கன்னத்துல அடிச்சா மறு கன்னத்தக் காட்டணும்னு சின்னதுலருந்து படிச்சதெல்லாம் எங்க போச்சு? எழுதிக் கிழுதிக் குடுத்து வேலைக்கு வெனயத் தேடிக்கிடாத." நீ "சரிம்மா" என்றாய். அதோடு வைத்துவிட்டாய். அதன் பிறகு இரண்டு ஞாயிறு உன்னிடமிருந்து போன் வரவில்லை.

மகனுக்கு நல்ல ஆலோசனை சொல்லிவிட்ட திருப்தியில் நான் அன்றைக்கு இன்னொரு கரண்டி சோறு சேர்த்துச் சாப்பிட்டேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். உன் அப்பா மட்டும் தட்டில் கை வைக்காமல் இருந்தார். கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ்ஸை ஓட்டுகிறவர், நாள் முழுக்க ஐம்பது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வீட்டில் வாயே திறக்காத மனுஷன், அன்றைக்குத் திறந்தார். "ஏட்டி, அவன் உங்கிட்ட பிரசங்கமா கேட்டான்? வலிக்குதுன்னு சொன்னான். ஒனக்கு எப்படில இருக்குன்னு ஒத்த வார்த்த கேட்டியா?" எனக்கு வந்தது பார் கோபம். "உங்களுக்கு என்ன தெரியும், நீங்க பஸ்ஸ மட்டும் ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். இருந்து பேசியிருந்தால் சண்டையிலாவது எனக்குப் புத்தி வந்திருக்கும்.

புத்தி வந்தது பிரின்ஸி மூலமாக. இந்தப் புதன்கிழமை அவளே கூப்பிட்டாள். "அத்த, அவிய வார்டே வேண்டாம்னு எழுதி வச்சிருக்காவ. சாமான் ரூமுக்கு மாத்தச் சொல்லி. அங்கன்னா யாரு மொகத்துலயும் முழிக்க வேண்டாமாம். வீட்டுக்கு வந்தா கைய அம்புட்டு நேரம் கழுவுதாவ, பாக்கவே என்னமோ மாதிரி இருக்கு." அதோடு அவள் விடவில்லை. "பார்சலப் பிரிச்சாவளா, அந்தக் குங்குமப்பூ டப்பாவத் திருப்பித் திருப்பிப் பாத்தாவ. இது எதுக்கு அனுப்பிருக்கா எங்கம்மான்னு கேட்டாவ." எதற்கு என்று உனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், நம்மூரில் வளைகாப்பு கண்ட எல்லோருக்கும் தெரியும். பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டும் என்பதற்குத்தான். அந்தப் பெரியவர் தன் வாயால் சொன்னதை நான் டப்பாவில் அடைத்து, தபால்தலை ஒட்டி, உன் வீட்டுக்கே அனுப்பி வைத்திருக்கிறேன். அவராவது முன்பின் தெரியாதவர். எனக்கு அழுகை வரவில்லை சாமு, வெட்கம்தான் வந்தது.

உன்னை நான் கேட்டு வாங்கினேன். கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லை. வேதத்தில் வருகிற அன்னாள் பிள்ளை கேட்டு ஆலயத்தில் உதட்டை மட்டும் அசைத்து ஜெபித்தபோது, குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று ஆசாரியர் நினைத்தாரே, அந்த மாதிரி என்னையும் நினைத்தவர்கள் இந்த ஊரில் உண்டு. நீ பிறந்ததும் அன்னாள் பிள்ளையின் பெயரையே உனக்கு வைத்தேன். இந்தக் கதையை உன் பிறந்த நாள்தோறும் சொல்லியிருக்கிறேன், உனக்கே மனப்பாடம். ஆனால் அதில் ஒரு வரியை மட்டும் முப்பத்தொரு வருஷமாக விட்டுவிட்டுத்தான் சொல்லி வந்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் உன்னைத் துடைத்து, துணியில் சுற்றி, என் பக்கத்தில் கிடத்தினார். ஆறு வருஷம் அழுது கேட்ட பிள்ளையைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை, "ஐயோ, என் நிறத்துலயா வந்து பொறந்த?" அந்த நர்ஸ் என்னை ஒரு முறை முறைத்தார். "கையி காலு நல்லாருக்கான்னு கேக்காம நிறத்தப் பாக்கியேம்மா" என்றார். நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னது அதற்கப்புறம்தான்.

அந்த முதல் வார்த்தையைத்தான் பிற்பாடு கடலைமாவாகவும் பவுடராகவும் உன் முகத்தில் அப்பினேன். வெயிலில் விளையாடினால் திட்டினேன். நம்ம பக்கத்து நாய்க்கே வெள்ளையாக இருந்தால்தான் மதிப்பு, ராஜபாளையம் நாய் என்று தேடி வந்து வாங்குகிறார்கள். என் பிள்ளையை யார் மதிப்பார்கள் என்று ஒரு நாள் விளையாட்டாகச் சொல்லி நான் சிரித்ததுகூட நினைவிருக்கிறது. நீயும் கூடச் சிரித்தாய். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகம். நீ காபிரியேல் தூதன் வசனத்தை வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். ஆனால் ஞாயிறு பள்ளி ஆசிரியை உனக்குக் கொடுத்தது ஏரோது ராஜாவின் காதில் ஓதுகிற சாத்தான் வேஷம். அடுத்த வருஷமும் அதே. அதற்கடுத்த வருஷமும் அதே. "நான் பாக்க பிசாசு மாதிரியாம்மா இருக்கேன்?" என்று நீ கேட்டாய். "லேய், சாத்தானுக்குத்தாம்ல வசனம் ஜாஸ்தி. தூதன் ரெண்டு வரி சொல்லிட்டு மேல போயிருவான், நீதான் நாடகம் முழுக்க நிப்ப" என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்டதாக எனக்குள் பெருமை வேறு. மூன்று வருஷமும் கறுப்புத் துணி எடுத்து, வால் வைத்து, நானே தைத்துக் கொடுத்தேன். நாலாவது வருஷம் நீ நாடகத்துக்குப் பேரே கொடுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

அந்த ஆசிரியையிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, ஏனென்றால் எனக்கே அப்படித்தான் பழக்கம். ராஜபாளையத்தில் கட்டுத்துணி கம்பெனியில் நான் இருபத்தாறு வருஷம் செக்கிங் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். காலையில் முதல் பஸ் ஏறிப் போய், வெளுத்து வருகிற துணியை வெளிச்சத்தில் விரித்து, எண்ணெய்ப் பொட்டு, கறை, நூல் முடிச்சு இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவதுதான் வேலை. புண்ணில் படுகிற துணி, ஒரு பொட்டு இருந்தாலும் கழித்துவிட வேண்டும். அங்கே நடந்த ஒன்றை உன்னிடம் சொன்னதில்லை. வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் பார்வையிட வந்தால், சூப்பர்வைசர் முந்தின நாளே வந்து ஆளைப் பிரிப்பார். நிறமான பிள்ளைகள் முன் ஹாலில் மேஜைக்கு, மற்றவர்கள் பின்பக்க கோடவுனில் பஞ்சு மூட்டை அடுக்க. நான் எப்போதும் கோடவுன்தான். செக்கிங்கில் என் கண்ணுக்குத் தப்பின துணி கிடையாது என்று அவரே சொல்வார், ஆனால் வெள்ளைக்காரர் வருகிற அன்றைக்கு மட்டும் என் கண் வேண்டாம்.

எங்கள் மேஜையில் ரமணியக்கா என்று ஒருவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னைவிட இரண்டு மடங்கு கறுப்பு, நாலு மடங்கு வாய். ஒரு தடவை சூப்பர்வைசர் பெயர் வாசித்தபோது அவர் எழுந்திருக்கவே இல்லை. "துணியப் பாக்குறது கண்ணு. மொகம் எதுக்கு சாரு? இது என் மேஜ, நான் இங்கனயேதான் இருப்பேன்" என்றார். அவர் பாட்டுக்குத் துணியை விரித்தார். என்னையும் பார்த்து, "ஏம்மா, உக்காரு" என்றார். நான் உட்காரவில்லை. கிறிஸ்தவப் பெண் எதிர்த்துப் பேசக் கூடாது, பொறுமைதான் நமக்கு அழகு என்று சொல்லிக்கொண்டு கோடவுனுக்குப் போனேன். மறுநாள் வந்தவர்கள் துணியைத் தடவிப் பார்த்தார்கள், ரமணியக்காவிடம் தலையாட்டிவிட்டுப் போனார்கள். வேறொன்றும் நடக்கவில்லை. நான் அதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்தது பொறுமை இல்லை சாமு, பயம். பயத்துக்கு வேதத்திலிருந்து ஒரு சட்டை தைத்துப் போட்டுக்கொண்டேன். இப்போது நீ சாமான் அறை கேட்கிறாய். நான் கோடவுனுக்குப் போன அதே வழி அது, நான்தான் உனக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

பிரின்ஸி பேசிய மறுநாள் வியாழக்கிழமை, சர்ச்சில் பெண்கள் கூட்டம். இந்த முறை வாசிக்கிற முறை என்னுடையது. இயேசுவைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பிரதான ஆசாரியர் முன்னால் நிறுத்துகிற பகுதி. எத்தனையோ தடவை வாசித்த பகுதிதான், கண்ணாடி கூடத் தேவையில்லை. பக்கத்தில் நின்ற சேவகன் அவரைக் கன்னத்தில் அறைகிறான். அடுத்து அவர் மறு கன்னத்தைத் திருப்பியிருப்பார் என்றுதான் நான் இத்தனை வருஷமாக மனசுக்குள் வைத்திருந்தேன் போலிருக்கிறது. அவர் திருப்பவில்லை. நான் தப்பாகப் பேசியிருந்தால் என்ன தப்பு என்று சொல், சரியாகப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று அவனைப் பார்த்துக் கேட்கிறார். எனக்கு அதற்கு மேல் வாசிக்க வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் வாங்கி மிச்சத்தை வாசித்தார். கை கட்டப்பட்டு நிற்கிறவர், திருப்பி அடிக்கவில்லை, சாபமிடவில்லை, ஆனால் கேட்காமலும் விடவில்லை. ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவரும் அவர்தான், இப்படிக் கேட்டவரும் அவர்தான். நான் என் பிள்ளைக்குப் பாதி இயேசுவை மட்டும் கொடுத்திருக்கிறேன்.

கூட்டம் முடிந்து தேரடி வழியாக நடந்து வந்தேன். அப்போதுதான் நீ போனில் சொன்னதில் ஒரு வரி கிட்டத்தட்ட மூன்று வாரம் கழித்து என் காதில் விழுந்தது. கட்டு பாதியில நின்னுச்சு, முடிச்சிட்டுத்தான் வெளிய வந்தேன். தெருவிலேயே நின்றுவிட்டேன், பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஏசினார். அந்த மனிதர் உன்னை அந்த வார்த்தை சொன்ன பிறகும், ஐந்தாறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதும், நீ அவர் காலைக் கையிலிருந்து விடவில்லை. புண்ணைப் பாதியில் திறந்து போட்டுவிட்டு வரவில்லை. மிச்சச் சுற்றுகளைச் சுற்றி, நுனியை ஒட்டி, அதற்கப்புறம்தான் எழுந்தாய். அவர் வேண்டாம் என்ற அதே கையால் கட்டிய கட்டு அது. இருபத்தாறு வருஷம் துணியைப் பார்த்து இது தேறும், இது தேறாது என்று பிரித்த எனக்கு, என் பிள்ளை எப்படிப்பட்டவன் என்று பார்க்கத் தெரியவில்லை. எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது என்று சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. இருந்த வார்த்தைகளையெல்லாம் அன்றைக்குப் போனில் வீணடித்துவிட்டேன்.

அந்தக் கையை எனக்குத் தெரியும். நீ நர்சிங் சேர்ந்த முதல் வருஷம், உன் பெரிய அத்தை வீடு தேடி வந்து, "ஆம்பளப் பிள்ளய நர்சுக்குப் படிக்க வச்சிருக்கிய, ஊரு சிரிக்கப் போவுது" என்று சொல்லிவிட்டுப் போன அதே மாதம்தான், பஸ் ரேடியேட்டரைத் திறக்கப் போய் உன் அப்பாவின் கையிலும் தோளிலும் வெந்நீர் கொட்டிவிட்டது. நீ லீவு போட்டு வந்து இருபது நாள் கட்டு மாற்றினாய். பழைய துணியை எடுக்கும்போது தோலோடு வராமல், உப்புத் தண்ணீரை விட்டு விட்டு, அப்படி ஒரு பொறுமை. வலிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லாத உன் அப்பா, கடைசி நாள் புண் ஆறிய இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இவன் கையி ஆசீர்வாதக் கையிட்டி" என்று என்னிடம் சொன்னார். உன்னிடம் சொல்லவில்லை, நம் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு அது வராது. நான் இப்போது சொல்லிவிட்டேன். அந்தக் கையைத்தான் நீ இப்போது தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாயாம். டியூட்டிக்குக் கழுவுகிற அளவுக்குக் கழுவு, அதற்கு மேல் கழுவாதே. அதில் போக வேண்டிய அழுக்கு ஒன்றும் இல்லை.

கழுவினால் போகாது என்று தெரிந்தும் நானும் கழுவினவள்தான். கம்பெனியில் காடாத்துணி வெளுப்புக்குப் போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இன்னும் கொஞ்சம் வெள்ளையாக வரட்டும் என்று ஒரு தடவை மருந்தைக் கூட்டிப் போட்டுவிட்டார்கள். துணி பளிச்சென்று வந்தது. மேஜையில் விரித்து இழுத்தால் கையோடு கிழிந்தது. அந்த லாட் முழுவதையும் கழித்தோம். நான் உன்னிடம் செய்யப் பார்த்தது அந்த வேலைதான். ஆண்டவர் என்னைத் தடுத்து, உன் நூலைப் பத்திரமாக வைத்திருக்கிறார். நீ கேட்டு வாங்கின பிள்ளை என்று சொன்னேனே, நான் கேட்டேன், அவர் கொடுத்தார். கொடுத்தவருக்கு நிறம் தெரியாமல் போய்விட்டதா? என் வயிற்றுக்குள் உன்னை ஒவ்வொரு இழையாக நெய்தபோது இந்த நூலைத்தான் எடுக்கிறோம் என்று பார்த்துத்தான் எடுத்திருப்பார். இதை எனக்குப் போதகர் யாரும் சொல்லித் தரவில்லை. நெசவுத் துணியோடு இருந்தவளுக்குத் தானாகத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், தாமதமாகத் தெரிந்தது.

ஆகவே, வியாழக்கிழமை விஷயம். அந்தச் சாமான் அறைக் கடிதத்தைக் கிழித்துப் போடு. நடந்ததை நடந்தபடி எழுது. என்ன சொன்னார், யாரெல்லாம் இருந்தார்கள், நீ என்ன செய்தாய் என்று எழுது. கட்டை முடித்துவிட்டு வந்ததையும் விடாமல் எழுது, அதை எழுத வெட்கப்படுவாய் என்று எனக்குத் தெரியும். கோபமாக எழுத வேண்டியதில்லை, கெஞ்சவும் வேண்டியதில்லை. ஏன் அடிக்கிறாய் என்று கேட்டவரின் பிள்ளை எழுதுகிற மாதிரி எழுது. விசாரித்து என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் செய்யாமல் போனாலும் போகலாம். நம்மூரிலேயே எந்தத் தெரு என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் கொடுத்தவர்களைப் பார்த்தவள் நான், உலகம் ஒரு கடிதத்தில் திருந்திவிடும் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். ஆனால் நீ கேட்டாய் என்பது அங்கே எழுத்தில் இருக்கும். உனக்குப் பின்னால் அந்த வார்டுக்கு வருகிற இன்னொரு கறுத்த கைக்கு அது உதவும்.

மன்னிக்காதே என்று சொல்கிறேன் என நினைத்துக்கொள்ளாதே. அந்தப் பெரியவரை நீ மன்னிக்கத்தான் வேண்டும், அதில் உன் அம்மா மாறவில்லை. ஒருவேளை அவர் கட்டு மாற்ற மறுபடி உன் முறையே வந்தால் போ, நல்லபடியாகக் கட்டு. அவர் வேண்டாம் என்றால், அவர் காலுக்குத்தான் நஷ்டம், உன் மதிப்புக்கு இல்லை. மன்னிக்கிறவன் ஒளிந்துகொண்டு மன்னிக்க வேண்டியதில்லை, நிமிர்ந்து நின்று மன்னிக்கலாம். நானும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், சாமு. அந்த முதல் வார்த்தைக்காக, மூன்று கறுப்பு அங்கிக்காக, போன மாதப் போனுக்காக, இந்தக் குங்குமப்பூவுக்காக. நீ உடனே சரிம்மா என்று சொல்ல வேண்டாம். உன் சரிம்மாவைக் கேட்டாலே இப்போது பயமாக இருக்கிறது. கோபம் இருந்தால் கோபத்தைச் சொல், இந்தத் தடவை நான் குறுக்கே பேச மாட்டேன். பேசினால் உன் அப்பா போனைப் பிடுங்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு சேதி. இந்த வருஷக் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு உடை தைக்கிற பொறுப்பை வழக்கம்போல என்னிடம் கொடுத்தார்கள். யாருக்கு என்ன வேஷம் என்று பட்டியல் வாசித்தபோது பார்த்தேன், தையல்கார யோவானின் பேத்தி, நல்ல கறுப்பு, கணீரென்ற குரல், அவளுக்குச் சாத்தான். நான் எழுந்து, "இவ காபிரியேல். இல்லன்னா இந்த வருசம் யாருக்கும் துணி தைக்க மாட்டேன்" என்றேன். "மேடையில முகம் தெரியாதேக்கா" என்றார் இப்போதைய ஆசிரியை, நல்ல பெண்தான். "அப்பம் லைட்ட மாத்துங்க, பிள்ளய மாத்தாதிய" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அறுபது வயதில் நான் ஒரு மேஜையை விட்டு எழுந்து போகாமல் இருந்தது அதுதான் முதல் தடவை, ரமணியக்காவை நினைத்துக்கொண்டேன். லைட்டை மாற்றுகிறார்கள். வெள்ளை அங்கி தைத்தாகிவிட்டது. இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியைச் சபை இதழுக்கும் கொடுக்கப் போகிறேன். நான் அந்தத் தப்பை வீட்டுக்குள் மட்டும் செய்யவில்லை, எல்லோரும் கைதட்ட மேடையில் ஏற்றிச் செய்தேன். திருத்துவதும் எல்லோரும் பார்க்கத்தான் இருக்க வேண்டும். உனக்குச் சம்மதமில்லை என்றால் சொல், நிறுத்திவிடுகிறேன்.

பிரின்ஸிக்கு இது ஏழாம் மாதம் என்று கணக்கு வைத்திருக்கிறேன். இத்தனை நாளாக அந்தப் பிள்ளைக்காக நான் ஜெபித்ததெல்லாம் சுகமாகப் பிறக்க வேண்டும் என்று வாயாலும், கொஞ்சம் நிறமாகப் பிறக்க வேண்டும் என்று மனசாலும். ஆண்டவருக்கு இரண்டும் கேட்டிருக்கும். இன்று காலை அதை மாற்றிக்கொண்டேன். உன் பழைய போட்டோ ஒன்றை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன், நீ பிறந்து மூன்றாம் மாதம் எடுத்தது, அதில் உன் கண்ணும் சிரிப்பும்தான் முதலில் தெரிகிறது. முழங்கால் போட்டு, உன் அப்பாவுக்கும் கேட்கிற மாதிரி வாய்விட்டே கேட்டேன். ஆண்டவரே, அந்தப் பிள்ளை அவன் நிறத்திலேயே வரட்டும், என் நிறத்திலேயே வரட்டும். வந்ததும் பிரின்ஸியிடம் போனை அதன் காதில் வைக்கச் சொல்லு. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் உனக்குச் சொல்லியிருக்க வேண்டிய முதல் வார்த்தையை அதற்குச் சொல்வேன். வா ராசா, உன்னத்தான் கேட்டேன்.

என்றும் உன்,
அம்மா